யாழ்ப்பாணமும் சென்னையும்: மாறாத தூரமும் மாறிய நேரமும்

பாடசாலைப் பிள்ளை ஒன்றின் கையிலே தேசப்படப் புத்தகத்தையும் அடிமட்டத்தையும் கொடுத்து, யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் விடை வந்துவிடும். பலாலியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நேர்கோட்டிலே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். பழைய கணக்கிலே 220 மைல். அதே அடிமட்டத்தைத் தெற்கு நோக்கித் திருப்பினால், பலாலியிலிருந்து கொழும்பின் இரத்மலானைக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர் என்று காண்போம். ஆகவே யாழ்ப்பாணம் இவ்விரு பெருநகரங்களுக்கும் ஏறக்குறைய நடுவிலே கிடக்கின்றது. இயற்கை அதற்கு இரண்டு வாசல்களை வைத்துக் கொடுத்தது.

விமானம் இத்தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது அடுத்த கேள்வி. இக்காலத்து அட்டவணைகளின்படி சென்னைக்கும் பலாலிக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். 1947ஆம் ஆண்டிலே இவ்வழியிற் பறந்த டக்கோட்டா விமானங்கள் மணிக்கு 170, 180 மைல் வேகத்திற் செல்லக்கூடியவை. அவ்வேகத்துக்கு 220 மைலைக் கணக்கிட்டால் வருவதும் அதே ஒன்றேகால் மணி நேரந்தான்.

அப்படியாயின், முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக இவ்விரு நகரங்களுக்கும் இடையே எதுவும் மாறவில்லை என்று கூறலாமா? தேசப்படம் அப்படித்தான் கூறும். வரலாறு கூறுவதோ வேறு கதை. யாழ்ப்பாணத்து மனிதன் ஒருவன் சென்னையை அடைவதற்கு ஒரு காலத்திலே காற்றின் தயவு வேண்டியிருந்தது. இன்னொரு காலத்திலே இரண்டு இரவுகள் வேண்டியிருந்தன. பிறிதொரு காலத்திலே காலையிற் புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்க முடிந்தது. அதன் பின்னர் வாரக்கணக்கும் மாதக்கணக்கும் ஆயிற்று. சிலருக்கு ஒரு வாழ்நாளே போதவில்லை. கடல் அகலவில்லை, நிலம் நகரவில்லை. மாறியது நேரம் மட்டுமே. அந்த நேரத்தைச் சுருக்கியவர் யார், நீட்டியவர் யார், எவருக்காகச் சுருக்கினர், எவருக்கு எதிராக நீட்டினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்று ஆண்ட காலம்

புகைக்கப்பலுக்கும் புகையிரதத்துக்கும் முற்பட்ட காலத்திலே, வடகரை மக்களுக்குக் காற்றே கடிகாரம். சோளகம் எழுந்தால் பாய் விரித்து வடக்கே போகலாம். வாடை வீசினால் அக்கரைத் தோணிகள் இக்கரைக்கு வந்து சேரும். வல்வெட்டித்துறையிலிருந்து எதிரே கிடக்கும் கோடிக்கரை நாற்பது மைலுக்குக் கிட்டிய தூரம். காற்று இசைந்தால் ஒரு பகலுக்குள்ளே கடந்துவிடலாம். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் அறுபத்தைந்து மைல் வரை. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை ஆகிய துறைகள் இவ்வழியினாலேயே வாழ்ந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலையும் பனைமரமும் அக்கரைக்குச் சென்றன. நெல்லும் துணியும் இக்கரைக்கு வந்தன. இத்தொழிலிலே ஊறிய வல்வெட்டித்துறை மக்களின் ஆற்றலை உலகம் அறிந்தது 1938ஆம் ஆண்டிலேயாகும். அவ்வூரிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளின் கைகளினாலேயே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அட்லஸ் புத்தகம் படித்தவர்களல்லர் அம்மாலுமிகள். ஆயினும் கடலின் தூரத்தை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவர்?

பண்டங்கள் மட்டுமா இவ்வழியே போயின? 1849ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சதாசிவப்பிள்ளையோடு சென்னைக்குப் புறப்பட்டார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கியது. அவர் கொண்டு வந்த அச்சியந்திரம் வண்ணார்பண்ணையிலே நிறுவப்பட்டது. சென்னைச் சர்வகலாசாலை தொடங்கியபோது, அதன் முதற் பட்டதாரிகளாக 1858இலே தேறியவர்கள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். ஏட்டுச் சுவடியிலே கிடந்த பழந்தமிழ் இலக்கணங்களையும் கலித்தொகையையும் அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் பணிக்களம் சென்னையாகவே இருந்தது. அறிவுத்துறையைப் பொறுத்தமட்டிலே, சென்னை யாழ்ப்பாணத்தின் அயல்வீடாக விளங்கியது என்று கூறினால் அது மிகையன்று.

எனினும் ஒன்றை இவ்விடத்திலே மறத்தலாகாது. அயல்வீட்டுக்குப் போகும் உரிமை ஊரிலுள்ள எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. கல்வியும் காணியும் கையிலிருந்தவர்கள் பயணிகளாகச் சென்றார்கள். புகையிலைச் சிப்பத்தைத் தோளிலே சுமந்து தோணியில் ஏற்றியவன் கரையிலேயே நின்றான். தூரம் என்பது என்றுமே வர்க்கத்தையும் சாதியையும் பார்த்துத்தான் தன் அளவைச் சொல்லி வந்திருக்கிறது.

இரும்புப் பாதையும் கூலிக் கப்பலும்

வெள்ளையர் ஆட்சி இத்தீவிலே புகையிரதப் பாதையை அமைத்தது மக்களின் பிரயாண வசதிக்காக அன்று; கோப்பியையும் பின்னர் தேயிலையையும் மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே. ஆதலினாலே கண்டிக்குப் போன பாதை வடக்கே வருவதற்குப் பல தசாப்தங்கள் சென்றன. பொல்காவலையிலிருந்து குருநாகலுக்கு 1894இலே பாதை திறக்கப்பட்டது. குடாநாட்டினுள்ளே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இலே வண்டி ஓடத் தொடங்கியது. இரு முனைகளும் இணைந்து, கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒரே பாதையாலே தொடுக்கப்பட்டது 1905 ஓகஸ்ட் மாதத்திலேயாகும். மாட்டு வண்டியிலே நாட்கணக்காக வன்னிக் காட்டினூடாக வந்த மனிதன், அரைநாளிலே தலைநகரை அடையும் நிலை உண்டாயிற்று. யாழ்ப்பாணத்தின் முகம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கித் திரும்பத் தொடங்கியது அன்றுதான். சென்னைக்குப் படிக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள்.

1914 பெப்ரவரியிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை ஆரம்பித்தது. கொழும்புக் கோட்டையிலே மாலையில் ஏறிய பயணி மறுநாட் காலை தலைமன்னாரில் இறங்கி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே கப்பலில் இருந்து, தனுஷ்கோடியில் மறுபடியும் புகையிரதம் ஏறி, அதற்கடுத்த நாட் காலை சென்னை எழும்பூரில் இறங்கினான். யாழ்ப்பாணத்தவன் மதவாச்சியிலே வண்டி மாறி அதே கப்பலைப் பிடித்தான். இரண்டு இரவுப் பயணம், ஒரே பயணச்சீட்டு. ‘போட் மெயில்’ என்று அதனை மக்கள் அழைத்தனர். அவ்வழியில் ஓடிய இரு கப்பல்களின் பெயர்கள் ‘இர்வின்’, ‘கோஷன்’ என்பன. ஒருவர் இந்தியாவின் வைஸ்ராய், மற்றவர் சென்னை மாகாணத்து ஆளுநர். கப்பலின் பெயரே அது எவருக்குச் சொந்தம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இக்கப்பல்களின் கீழ்த்தட்டிலே பிரயாணஞ் செய்தவர்களை நாம் இங்கே நினைவு கூரவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியக் கிராமங்களின் பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பி வந்த மக்கள், மன்னார்க் கரையிலே தோணியால் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியை நடந்தே கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழி நெடுகிலும் அவர்களைத் தின்றன. பாதையோரத்து எலும்புகளே அவ்வழிக்கு மைல்கற்கள். கப்பலும் புகையிரதமும் வந்த பின்னர் நடை குறைந்தது. ஆனால் மண்டபம் முகாம் வந்தது. தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளி அம்முகாமிலே நாட்கணக்காக அடைத்து வைக்கப்பட்டு, நோய் பார்க்கப்பட்டு, மருந்து தெளிக்கப்பட்டு, எண்ணப்பட்டு, அதன் பின்னரே கப்பலேற்றப்பட்டான். அதே வண்டியிலே முதலாம் வகுப்பிற் சென்ற கனவானுக்கு மண்டபம் என்பது யன்னலுக்கு வெளியே கடந்து போன ஒரு பெயர்ப் பலகை. ஒரே கடல், ஒரே கப்பல், ஒரே இருபத்துச் சொச்ச மைல். ஆயினும் மேல் தட்டில் இருந்தவனுடைய கடிகாரமும் கீழ்த் தட்டில் இருந்தவனுடைய கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டவில்லை.

1947 டிசெம்பர் 10

ஆகாய மார்க்கம் முதலில் வந்தது தபாலுக்காக. 1938இலே தாத்தா நிறுவனத்தின் தபால் விமானச் சேவை சென்னையிலிருந்து கொழும்பு வரை நீண்டது. அதற்குப் பின்னர் உலக யுத்தம் மூண்டது. யப்பானியர் பர்மாவையும் சிங்கப்பூரையும் பிடித்தபோது, இலங்கை ஆங்கிலேயரின் முன்னரங்கமாயிற்று. அக்காலத்திலேதான் பலாலியின் செம்மண் தோட்டங்களினூடாக ஆங்கில விமானப் படைக்கென ஓடுபாதை போடப்பட்டது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பலாலி விமான நிலையம் பிறந்ததே போரின் வயிற்றிலேதான். பின்னரும் போர் அதனைத் தேடி வந்தது.

யுத்தம் முடிந்தது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில், எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்தது. அது சென்ற வழி: இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை. நிறுவனத்திடம் இருந்த மூன்று டக்கோட்டாக்களுக்கும் விகாரமகாதேவி, சீதாதேவி, சுனேத்திராதேவி என்று பெயர். இலங்கையின் தேசிய விமானச் சேவை தன் முதற் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கித்தான் வெளிநாடு சென்றது என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்? புதிதாய்ப் பிறக்கவிருந்த தேசம் ஒன்று தன் வடக்கு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்தது. யாழ்ப்பாணம் நாட்டின் கடைசி ஊராக அன்று இருக்கவில்லை. நடுவழித் தரிப்பாக இருந்தது.

இதனைப் பொற்காலம் என்று பாடவேண்டிய அவசியமில்லை. டக்கோட்டா ஒன்றிலே ஏறக்குறைய இருபது பேரே இருக்கலாம். அந்த இருபது ஆசனங்களிலே வழக்கறிஞரும் வைத்தியரும் வர்த்தகரும் இருந்தனர். தறிக்காரனும் சுருட்டுத் தொழிலாளியும் தலைக்கு மேலே இரைச்சல் கேட்டு அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஒன்றேகால் மணி நேரம் என்பது பணம் உள்ளவனுக்கு விஞ்ஞானம் கொடுத்த வரம். மற்றவனுக்கு மதவாச்சியில் வண்டி மாறும் இரண்டு இரவுகளே தொடர்ந்தன. இருந்தபோதிலும், வாசல் திறந்திருந்தது. திறந்த வாசலினூடாக இன்று செல்ல முடியாதவன் நாளை செல்லலாம். அடைத்த வாசலுக்கு நாளை என்பது கிடையாது.

சட்டம் கட்டிய மதில்

வாசல் அடைபடத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் பாக்குநீரிணையின் நடுவே கண்ணுக்குத் தெரியாத மதிலொன்றைக் கட்டியது. 1949இலே வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. நேற்று வரை உறவினர் வீட்டுக்கு, கோயில் திருவிழாவுக்கு, வியாபாரத்துக்கு என்று சென்று வந்த கடல், ஒரு கையொப்பத்தினாலே அந்நிய எல்லையாயிற்று. தோணி கள்ளத்தோணியாயிற்று. நூற்றாண்டுகளாக வல்வெட்டித்துறையான் செய்துவந்த தொழிலுக்குக் கடத்தல் என்று பெயர் வந்தது. அதைவிடக் கொடுமை, மலைநாட்டிலே பிறந்து வளர்ந்து, கடலையே கண்டிராத கொழுந்து பறிக்கும் பெண்ணையும் ‘கள்ளத்தோணி’ என்று ஏசும் வழக்கம் உண்டாயிற்று. யாழ்ப்பாணத்து மேட்டுக்குடியினரிற் பலரும் அச்சொல்லைக் கூசாது வழங்கினர் என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. அந்தச் சட்டம் நிறைவேறியபோது அதை எதிர்த்த தமிழ்த் தலைவர்களும் இருந்தனர், ஆதரித்தவர்களும் இருந்தனர்.

1964ஆம் ஆண்டு இக்கடலின் வரலாற்றிலே இரண்டு புயல்களின் ஆண்டு. முதற் புயல் புது டில்லியிலே அடித்தது. ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் ஒன்றிலே கைச்சாத்திட்டனர். 9,75,000 மக்களிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் என்று கணக்கு எழுதப்பட்டது. அந்த எஞ்சியவர்களும் 1974இலே சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. இரண்டாவது புயல் டிசெம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியிலே அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த புகையிரதம் பயணிகளோடு கடலிலே மூழ்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் மாத்திரம் மடிந்தனர். தனுஷ்கோடி என்னும் துறைமுகப் பட்டினம் மணல்மேடாயிற்று. போட் மெயிலின் ஒரு கால் அன்று ஒடிந்தது.

இயற்கையின் புயல் அடித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடத் தொடங்கியது. அரசியலின் புயல் அக்கப்பலை நிரப்பியது. அட்டனிலும் பதுளையிலும் புகையிரதம் ஏறிய குடும்பங்கள், தலைமன்னாரிலே கப்பல் மாறி, மண்டபம் முகாமிலே போய் இறங்கின. பாட்டன் எந்த முகாமிலே மருந்து தெளிக்கப்பட்டு அனுப்பப்பட்டானோ, அதே முகாமிலே பேரன் அகதியைப் போலப் பதிவு செய்யப்பட்டான். இடையிலே சென்ற நூறாண்டு உழைப்பு மலைச்சரிவிலே பச்சைப் பசேலென்று நின்றது. அதன் பயன் இலண்டன் ஏலச் சந்தைக்குப் போயிற்று.

தூரம் முடிவிலியான காலம்

எயார் சிலோன் 1979இலே மறைந்தது. இனக்கலவரங்களும் அடக்குமுறையும் வடக்கை எரித்தன. 1983 யூலையின் பின்னர் மன்னார்க் கரையிலிருந்தும் குடாநாட்டுக் கரையிலிருந்தும் மக்கள் படகுகளிலே இரவோடு இரவாக இராமேசுவரத்துக்கு ஓடினர். 1984இலே தலைமன்னார்க் கப்பலும் நின்றது. பலாலி இராணுவத் தளமாயிற்று. 1987 யூலை இறுதியிலே இந்தியாவிலிருந்து விமானங்கள் மீண்டும் பலாலியிலே இறங்கின. ஆனால் அவற்றில் வந்தவர்கள் பயணிகளல்லர், படையினர். அமைதியின் பெயரால் வந்து, போர் செய்து, 1990 மார்ச்சிலே அவர்கள் இத்தீவை விட்டு நீங்கினர்.

1990 யூன் மாதம் போர் மறுபடி மூண்டது. 1956 முதல் ஓடிவந்த யாழ்தேவியும் ஏனைய புகையிரதங்களும் அம்மாதத்திலே யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தின. மீண்டும் அந்நகரை அடைந்தது 2014 ஒக்டோபரிலே. இருபத்துநான்கு ஆண்டுகள்! பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான் ஆகிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். நகரிலே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊரைவிட்டு நீங்குவதற்கு இரண்டு மணி நேரம்! நேரத்தைப் பற்றி எழுதப்படும் எந்த யாழ்ப்பாண வரலாறும் இந்த இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டு எழுதப்படுமாயின், அது நேர்மையான வரலாறு ஆகாது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய அனைவரும் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி பத்து மைல். நாவற்குழிப் பாலத்தினூடாக, மழையிலே, முதியோரையும் கைக்குழந்தைகளையும் சுமந்துகொண்டு அம்மக்கள் அப்பத்து மைலைக் கடக்க ஓர் இரவும் போதவில்லை, மறுநாளும் நடந்தனர். விமானம் சென்னைக்கு எடுக்கும் நேரத்திலே அவர்கள் நூறு யார் நகர்ந்திருப்பார்கள்.

ஏ9 வீதி அடைக்கப்பட்டிருந்த ஆண்டுகளிலே குடாநாட்டைவிட்டு வெளியேறக் கிளாலிக் கடலேரியிலே இரவுப் படகு, பின்னர் திருகோணமலைக்குக் கப்பல், அல்லது இரத்மலானைக்கு விமானம். ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து எழுந்த லயன் எயார் விமானம், ஐம்பத்தைந்து உயிர்களோடு மன்னார்க் கடலிலே வீழ்ந்தது. அதன் சிதைவுகள் கடலடியிலே கண்டெடுக்கப்பட்டது 2012இலேயாகும். உறவினர் தம் மக்களின் உடைகளை அடையாளங் காண்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தனர். 2002இலே திறந்த வீதி 2006 ஓகஸ்டிலே மறுபடி மூடப்பட்டது. 2009இலே போர் முடிந்த பின்னரே பாதை படிப்படியாகத் திறந்தது.

இத்தனை காலமும், சென்னைக்குச் செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவனின் வழி எது? முதலிலே 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்கு. அங்கே விடுதியிலே தங்கல், பொலிஸ் பதிவு, சோதனை. அதன்பின் கட்டுநாயக்காவிலிருந்து 650 கிலோமீற்றர் வடக்கே. 355 கிலோமீற்றர் தூரத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர் பயணம்! மும்மடங்கு தூரம், நேரமோ எத்தனை மடங்கு என்று கணக்கிட முடியாது. தன் வீடு கிடக்கும் திசையை நோக்கியே பறந்து, அதனையும் தாண்டிச் சென்றுதான் அவன் அயல்வீட்டை அடையவேண்டியிருந்தது. அதற்கும் பணம் இல்லாதவன் படகிலே ஏறினான். படகேறியவர்களிற் சிலர் கரையை அடையவேயில்லை.

மீண்டும் ஒன்றேகால் மணி நேரம்

2019 ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் நாள் அலையன்ஸ் எயார் நிறுவனத்தின் விமானம் சென்னையிலிருந்து வந்து இறங்கியது. நான்கு மாதத்திலே கொள்ளை நோய் அதனை நிறுத்தியது. 2022 டிசெம்பரிலே மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் முதல் இன்டிகோ நிறுவனமும் இவ்வழியிற் பறக்கலாயிற்று; 2025 மார்ச் இறுதியிலே திருச்சிராப்பள்ளிக்கும் சேவை வந்தது. கடலிலே, நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரிலே ‘செரியபாணி’ என்னும் கப்பல் ஓடி, சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்டிலே ‘சிவகங்கை’ தொடர்ந்தது. மாரிக்கடல் கொந்தளிக்கும்போது அதுவும் நிற்கின்றது. வாடைக்காற்று தன் பழைய அதிகாரத்தை முழுவதும் கைவிட்டுவிடவில்லை போலும்!

இவற்றை நாம் வரவேற்கிறோம். புற்றுநோய்க்கு மருந்து தேடிச் செல்லும் தாய்க்கும், படிக்கச் செல்லும் மாணவனுக்கும், நாற்பது ஆண்டுகளாகத் தமையனைக் காணாத தங்கைக்கும் ஒன்றேகால் மணி நேரம் என்பது சிறிய விடயமன்று. ஆனால் 1947இன் அதே ஒன்றேகால் மணி நேரத்துக்கு 2019இலே திரும்பி வந்திருப்பதை முன்னேற்றம் என்று மட்டும் கொண்டாடுவது வரலாற்றை அறியாதார் செயல். இழந்ததைப் பெற்றிருக்கிறோம், அதுவும் முழுவதையும் அல்ல.

முதலாவது கேள்வி, விமானம் இறங்கும் நிலத்தைப் பற்றியது. ஓடுபாதையைச் சூழ்ந்து கிடப்பது தரிசு நிலமன்று. வெங்காயமும் மரவள்ளியும் புகையிலையும் விளைந்த செம்மண். 1990இலே அம்மண்ணைவிட்டு வெளியேறிய குடும்பங்களிற் பல, முகாம்களிலே மண்ணெண்ணெய் விளக்கடியிலே பிள்ளை பெற்று, அப்பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கக் கண்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இலே விடப்பட்டது. வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி 2025 ஏப்ரலிலே நிபந்தனைகளோடு திறக்கப்பட்டது. ஆயினும் எல்லாக் காணிகளும் உரியவர்க்குத் திரும்பிவிடவில்லை. யன்னலோரத்துப் பயணி கீழே குனிந்து பார்ப்பாராயின், கூரையற்ற வீடுகளும் பற்றை மண்டிய கிணறுகளும் தெரியும். நேற்று வரை அந்த வீட்டுக்காரன், முகாமிலிருந்து ஐந்து மைல் தூரத்திலுள்ள தன் வீட்டுக்குப் போக முப்பது ஆண்டுகளில் முடியாதவனாக இருந்தான். சென்னைக்கு ஒன்றேகால் மணி. சொந்த வீட்டுக்கு முப்பது ஆண்டு! எந்த அட்டவணையிலே இதனை அச்சிடுவது?

இரண்டாவது கேள்வி, அக்கரையிலே நிற்பவர்களைப் பற்றியது. 1983இன் பின்னர் படகேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஆயிரக்கணக்கிலே தமிழ்நாட்டு முகாம்களிலே வாழ்கின்றனர். மண்டபம் முகாமும் அவற்றில் ஒன்று. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே பெயின்ரடித்துக் கூலி வேலை செய்யும் இளைஞனுக்கு இந்தியப் பிரசாவுரிமை இல்லை. 2019இலே இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டம் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2003இலே இலங்கைப் பாராளுமன்றம் எஞ்சியிருந்த நாடற்ற மலையக மக்களுக்குப் பிரசாவுரிமை வழங்கியது; ஐம்பத்தைந்து ஆண்டுத் தாமதம். அம்முகாம் இளைஞனுக்கு எத்தனை ஆண்டுத் தாமதம்? அவன் தலைக்கு மேலேயும் விமானம் பறக்கிறது. அதில் ஏறுவதற்கு அவனிடம் இல்லாதது பயணச்சீட்டு மட்டுமன்று, நாடு.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. 220 மைலை ஒன்றேகால் மணி நேரமாக அது 1947இலேயே சுருக்கிக் கொடுத்துவிட்டது. அதனைச் சுருங்கிய நிலையிலேயே வைத்திருப்பதும், எல்லா மக்களுக்கும் சுருக்கிக் கொடுப்பதும் இயந்திரத்தால் ஆகும் காரியமன்று. சமுதாயத்தால் ஆகவேண்டிய காரியம். ஓடுபாதை ஓரத்துச் செம்மண் அதன் உழவனிடம் திரும்பவேண்டும். கீழ்த்தட்டு மனிதன் கட்டக்கூடிய கூலியிலே கப்பல் ஆண்டு முழுவதும் ஓடவேண்டும். முகாமிலே பிறந்தவன் கையிலே ஏதேனும் ஒரு நாட்டின் கடவுச்சீட்டு இருக்கவேண்டும். அன்று அந்தப் பாடசாலைப் பிள்ளை அடிமட்டத்தை வைத்து அளந்து சொல்லும் விடையும், மயிலிட்டிக் கிழவனும் மண்டபத்து இளைஞனும் தம் வாழ்விலே அறிந்து சொல்லும் விடையும் ஒன்றாக இருக்கும். அந்நாள் வரும்வரை, யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று எவரேனும் கேட்டால், ‘யாருக்கு?’ என்று நாம் திருப்பிக் கேட்கவே வேண்டும்.